மருந்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய சொல்

என் அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் குடத்தின் கழுத்தைப் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் எழுதிய சீட்டில் நான்கு மருந்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று மெத்தோட்ரெக்சேட்.

மெடிக்கல் ஷாப்பில் அன்று நல்ல கூட்டம். கவுண்டரில் நின்ற பையன் சீட்டைப் பார்த்து அட்டைகளைக் கத்தரியால் நறுக்கினான். ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு மேலே பேனாவால் குறித்தான்: ‘கா – இ’, ‘ம’, ‘இ 1’. மெத்தோட்ரெக்சேட் இருந்த உறையில் ‘இ 1’ என்று இருந்தது. இரவு ஒன்று. பணம் கொடுத்துவிட்டு இரண்டு படி இறங்கிவிட்டோம். உள்ளே பில்களைப் பார்த்துக்கொண்டிருந்த மருந்தாளுநர் எழுந்து வந்தார். “அம்மா, ஒரு நிமிஷம் இருங்க. இந்தச் சின்ன மாத்திரை தினமும் போடறது இல்லம்மா. வாரத்துல ஒரே ஒரு நாள்தான். டாக்டர் என்ன கிழமை சொன்னாரு?” அம்மா யோசித்துவிட்டு “செவ்வாய்” என்றார். அவர் உறையில் இருந்ததை அடித்துவிட்டு, ‘செவ்வாய் இரவு மட்டும்’ என்று பெரிதாக எழுதினார். “எப்படிப் போடுவீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்க” என்று கேட்டு, அம்மா வாயால் சொன்ன பிறகுதான் விட்டார்.

வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். அப்படி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அந்த மருந்தாளுநர் எங்களிடம் பேசியது ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்று அன்று எழுந்த கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. அவர் பேசியது அவருடைய நல்ல மனசா, அல்லது அவருடைய கடமையா? கடமை என்றால், அதை எங்கே, யார் எழுதிவைத்தார்கள்? பேசாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

கடமைதான். இந்திய மருந்தியல் கவுன்சில் 2015 ஜனவரியில் அரசிதழில் வெளியிட்ட ‘மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறை’ அதைத் தெளிவாகவே சொல்கிறது. மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும், பதிவு பெற்ற மருந்தாளுநர் நோயாளியிடமோ அவரைக் கவனித்துக்கொள்பவரிடமோ தாமாகவே பேச்சைத் தொடங்க வேண்டும். நோயாளி கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முடிந்தவரை நேரில் பேச வேண்டும், இல்லையென்றால் தொலைபேசியில். என்ன பேசுவது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. மருந்தின் பெயர், எதற்காகக் கொடுக்கப்படுகிறது, எவ்வளவு, எப்படி, எத்தனை நாள், என்னென்ன எச்சரிக்கை, எந்தப் பக்கவிளைவு தெரிந்தால் உஷாராக வேண்டும், வேறு மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும், எங்கே எப்படி வைப்பது, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது. மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டு அணிந்து, பெயரும் பதிவு எண்ணும் உள்ள அட்டையை மாட்டியிருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

இதைப் படித்துவிட்டு உங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். இந்த வரிகள் வேறு ஏதோ ஊருக்காக எழுதப்பட்டவை போலத் தோன்றும். ஒருவகையில் அது உண்மையும்கூட. பேச்சைத் தொடங்க வேண்டும் என்ற பகுதியின் வாசகம், அமெரிக்க மாநிலங்களின் மருந்தியல் வாரியங்கள் சேர்ந்து உருவாக்கிய மாதிரி விதிகளின் வாசகத்தோடு ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போகிறது. ஆகவே கதையை அங்கிருந்து தொடங்குவதே முறை.

அமெரிக்க மருந்தாளுநர் ஒரு காலத்தில் வாய் திறக்கக் கூடாதவராக இருந்தார் என்பதை இன்று நம்பக் கடினமாக இருக்கும். அந்நாட்டு மருந்தாளுநர் சங்கம் 1952இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை, சீட்டில் உள்ள மருந்து என்ன செய்யும், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையெல்லாம் நோயாளியிடம் பேசக் கூடாது என்றது. யாராவது கேட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டும். மருந்தின் அறிவு டாக்டருக்குச் சொந்தம். மருந்தாளுநர் அதை எடுத்துக் கொடுக்கும் கை மட்டுமே. 1969இல் அந்த நெறிமுறை மாற்றி எழுதப்பட்டது. பேசக் கூடாது என்பது போனது. பேசியே ஆக வேண்டும் என்பது வர இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இடையில் வேறொரு கதவு திறந்தது, விலைக் கதவு. சீட்டு மருந்தின் விலையை மருந்தாளுநர் விளம்பரப்படுத்துவது ஒழுங்கீனம் என்று வர்ஜீனியா மாநிலச் சட்டம் சொல்லியது. விலையைச் சொன்னால் போட்டி வரும், போட்டி வந்தால் தரம் கெடும், தொழிலின் மதிப்பு போகும் என்பது வாதம். நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், அந்த மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ், ஹாம்ப்டன் வட்டாரத்தில் ஒரு கடையில் 1.20 டாலருக்கும் இன்னொரு கடையில் 9 டாலருக்கும் விற்றது வழக்கில் வெளிவந்தது. 1976 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். அவர் முன்பு மாயோ கிளினிக்கின் சட்ட ஆலோசகராக இருந்தவர். விலைத் தகவல் மறைக்கப்படும்போது அடிபடுவது ஏழைகளும் நோயாளிகளும் முதியவர்களும்தான் என்பது அந்தத் தீர்ப்பின் உயிரான வாதம். வணிகப் பேச்சுக்கும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு உண்டு என்ற கோட்பாடு அமெரிக்காவில் வேரூன்றியது ஒரு மருந்துக் கடை வழக்கில் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நம் உச்ச நீதிமன்றம் 1959 டிசம்பரில் ஹம்தர்த் தவாகானா வழக்கில் எதிர்த்திசையில் போயிருந்தது. மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம், 1954 தொடர்பான வழக்கு அது. சட்டத்தின் சில பகுதிகளை நீதிமன்றம் அடித்தது என்றாலும், மருந்து வியாபாரத்துக்கான விளம்பரம் கருத்துச் சுதந்திரத்துக்குள் வராது என்றது. அந்த நிலைப்பாடு தளர 1995இல் வந்த டாடா பிரஸ் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு நீதிமன்றங்களையும் குறை சொல்ல முடியவில்லை. அமெரிக்க வழக்கில் மறைக்கப்பட்டது உண்மையான விலை. இந்திய வழக்கில் எதிரே இருந்தது, தீராத நோயையும் தீர்ப்பதாகச் சொல்லி ஏமாற்றும் விளம்பரக் கூட்டம். மருந்து விற்பவரின் வாயைத் திறக்கும் சட்டமும் தேவை, மூடும் சட்டமும் தேவை.

அமெரிக்காவில் பேசும் கடமை வந்தது பணத்தின் வழியாக. 1990இல் நிறைவேறிய ஒரு வரவு செலவுச் சட்டத்தில், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் மருந்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆலோசனை தர மருந்தாளுநர் முன்வர வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. 1993 ஜனவரி 1 முதல் நடைமுறை. மருந்து தவறாகப் போய் மருத்துவமனைச் செலவு ஏறினால் அரசுக்குத்தானே நஷ்டம், அதனால். ஏழைக்கு ஒரு சட்டம் மற்றவருக்கு ஒரு சட்டம் என்று இருக்க முடியாதென்று பெரும்பாலான மாநிலங்கள் எல்லா நோயாளிகளுக்கும் இதை விரித்தன.

ஆனால் அந்தச் சட்டத்தின் சொல்லைக் கவனியுங்கள். ஆலோசனை ‘தர வேண்டும்’ என்று அது சொல்லவில்லை. ‘தர முன்வர வேண்டும்’ என்றது. நோயாளி வேண்டாம் என்றால் கடமை முடிந்தது. அந்த ஒரு சொல்லில் சட்டம் வழுக்கிவிட்டது. பல கடைகளில் கல்லாவில் இருக்கும் ஊழியர், “மருந்தாளுநரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார். பின்னால் வரிசை நிற்கிறது. பெரும்பாலானோர் “இல்லை” என்பார்கள். ஒரு கையெழுத்து. ஆலோசனை வேண்டாம் என்றேன் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து என்பது போட்ட பலருக்கே தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பது? வாரம் ஒருமுறை மாத்திரையைத் தினமும் போடப்போகிறவர், தனக்குச் சந்தேகமே இல்லை என்றுதான் சொல்வார். என் அம்மாவும் அப்படித்தான் படி இறங்கினார்.

ஜப்பானின் பாதை வேறு, அதன் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1993 செப்டம்பரில் அக்கி நோய்க்கான சொரிவுடின் என்ற புதிய மருந்து அங்கே விற்பனைக்கு வந்தது. புளூரோயுராசில் வகைப் புற்றுநோய் மருந்தோடு அது சேர்ந்தால், அந்தப் புற்றுநோய் மருந்து உடலில் சிதையாமல் தேங்கி நஞ்சாகிவிடும். சில வாரங்களில் சுமார் 15 பேர் இறந்தார்கள். புற்றுநோய் என்பதை நோயாளியிடமே சொல்லாமல் மறைப்பது அன்று அங்கே வழக்கமாக இருந்தது. தான் புற்றுநோய் மருந்து சாப்பிடுகிறோம் என்பதே தெரியாத ஒருவர் அக்கிக்கு மருந்து வாங்க வரும்போது எதை எடுத்துச் சொல்வார்? சொல்லாமல் மறைத்த ஒரு செய்தி இரண்டு மருந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆளைக் கொன்றது. 1996இல் ஜப்பானிய மருந்தாளுநர் சட்டத்தில் தகவல் தரும் கடமை சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த திருத்தம், தகவல் தந்தால் போதாது, மருந்தியல் அறிவைக் கொண்டு வழிகாட்டவும் வேண்டும் என்றது. ‘மருந்துக் குறிப்பேடு’ என்ற சின்ன நோட்டும் பரவியது. எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடையில் வாங்கினாலும் அதில் பதிவாகும். 2011 சுனாமியில் மருத்துவமனைப் பதிவுகள் அழிந்துபோன ஊர்களில், கைப்பையில் அந்த நோட்டை வைத்திருந்தவர்களுக்கு எந்த மருந்து வேண்டும் என்பது உடனே தெரிந்தது. வழிகாட்டுவதற்கு அங்கே காப்பீட்டிலிருந்து மருந்தாளுநருக்குக் கட்டணம் வருகிறது என்பதைத் தனியாகக் குறித்துவைக்கிறேன். பேச்சு என்பதும் வேலை, அதற்கும் கூலி உண்டு என்று அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மருந்துக் கடையை ஆளுவது இரண்டு சட்டங்கள். சிக்கலின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று, மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம், 1940. அதன் கீழ் 1945இல் வந்த விதிகள். கலப்பட மருந்தும் போலி மருந்தும் சந்தையை நிறைத்திருந்த காலத்தில், கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையிலான குழு 1930–31இல் விசாரித்துக் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது அது. ஆகவே அதன் கவலையெல்லாம் சரக்கைப் பற்றியது. கடை உரிமம் இதன் கீழ்தான் தரப்படுகிறது, மருந்து ஆய்வாளர் இதன் கீழ்தான் வருகிறார். உரிமம் போய்விடும் என்ற பயம் இதில் இருக்கிறது. இரண்டாவது, மருந்தியல் சட்டம், 1948. யார் மருந்தாளுநர் என்பதை முடிவு செய்வது இது. சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநர் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று இதன் 42ஆம் பிரிவு சொல்கிறது. முன்னே சொன்ன 2015 ஒழுங்குமுறை இந்தச் சட்டத்தின் கீழ் வந்தது.

முதல் சட்டத்தின் விதி 65ஐ எடுத்துப் படித்தால் எழுத்து வேலை கொட்டிக் கிடக்கிறது. பில்லில் வரிசை எண், தேதி, டாக்டர் பெயர், நோயாளி பெயரும் முகவரியும், மருந்தின் பெயர், அளவு, தயாரித்த கம்பெனி, தொகுப்பு எண், காலாவதித் தேதி, கடைசியில் மருந்தாளுநர் கையெழுத்து. சீட்டிலேயே கடையின் பெயரும் தேதியும் குறிக்கப்பட வேண்டும், அப்போதுதான் அதே சீட்டைக் காட்டி வேறு கடையில் வாங்க முடியாது. ‘எச்’ அட்டவணையில் 500க்கும் அதிகமான மருந்துகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ‘எக்ஸ்’ அட்டவணை மருந்துக்கு இரட்டைச் சீட்டு, ஒரு பிரதி கடையில் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் ‘எச்1’ என்ற அட்டவணையும் வந்தது. வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் சில தூக்க மருந்துகளும் அதில் உண்டு. அவற்றுக்குத் தனிப் பதிவேடு, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லாம் தேவையான விதிகள்தான். ஆன்டிபயாடிக்கைக் கடலை மிட்டாய் போல விற்கும் நாட்டில் இவை இன்னும் கறாராகவே இருக்க வேண்டும். ஆனால் இத்தனை விரிவான விதி 65இல் ‘நோயாளியிடம் பேசு’ என்று ஒரு வரி கிடையாது.

பேசும் கடமை இரண்டாவது சட்டத்தின் வீட்டில் இருக்கிறது, ஆய்வாளர் முதல் சட்டத்தின் வீட்டில் இருக்கிறார். மருந்து ஆய்வாளர் கடைக்குள் வந்தால் பதிவேட்டைக் கேட்பார், குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்ப்பார், காலாவதியான அட்டை இருக்கிறதா என்று அலமாரியைத் துழாவுவார். முந்தைய வாடிக்கையாளரிடம் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்பது அவருடைய படிவத்தில் இல்லை. மாநில மருந்தியல் கவுன்சில்களும் ஆய்வாளர்களை நியமிக்கலாம் என்று 1948 சட்டத்தின் 26ஏ பிரிவு இடம் தருகிறது. மருந்தாளுநரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லாததற்காகப் பெயர் நீக்கப்பட்டார் என்று எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று இருக்கிறது. பேசும் கடமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே. பல கடைகளில் அவருடைய சான்றிதழ் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும், அவர் இருக்க மாட்டார். கவுண்டரில் நிற்கும் பையனோ பெண்ணோ பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து, பார்த்துப் பார்த்தே தொழில் பழகியவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே டாக்டர்களின் கையெழுத்தை வாசிக்கும் அந்தத் திறமையைக் கண்டு வியந்திருக்கிறேன். ஆனால் சட்டம் அவர்களைப் பார்ப்பதே இல்லை. கடமை உள்ளவர் கவுண்டரில் இல்லை. கவுண்டரில் இருப்பவருக்குக் கடமை இல்லை. ‘இ 1’ என்ற குறிப்பு அந்த இடைவெளியில்தான் எழுதப்பட்டது.

கையெழுத்து என்றதும் டாக்டர்களையும் சொல்ல வேண்டும். மருந்துகளைப் பொதுப்பெயரில், தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. சீட்டே படிக்க முடியாமல் இருந்தால் மருந்தாளுநர் என்னத்தைப் பேசுவார்?

விலைப் பேச்சுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2018 வரை வினோதமான ஒரு கொடுமை இருந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் நடுவே இருக்கும் இடைத்தரகு நிறுவனங்கள் சில, ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டு விதி ஒன்றைப் போட்டிருந்தன. காப்பீட்டில் வாங்கினால் நோயாளியின் பங்கு 20 டாலர், காப்பீடே காட்டாமல் கைக்காசு கொடுத்தால் 8 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மருந்தாளுநர் சொல்லக் கூடாது. சொன்னால் ஒப்பந்தம் போகும். எதிரே நிற்பவர் பணம் போதாமல் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் நிற்க வேண்டும். 2018 அக்டோபர் 10 அன்று கையெழுத்தான இரண்டு சட்டங்கள் அந்தப் பூட்டை உடைத்தன. ஒன்று தனியார் காப்பீட்டுக்கு, மற்றது முதியோருக்கான மெடிகேருக்கு. அங்கும் ஒரு குறை உண்டு. மருந்தாளுநர் சொல்லலாம் என்றுதான் ஆனது, சொல்லியே ஆக வேண்டும் என்று ஆகவில்லை.

இந்தியாவில் அப்படி வாய்ப்பூட்டு இல்லை, கைவிலங்கு இருக்கிறது. ‘எச்’, ‘எக்ஸ்’ அட்டவணை மருந்து எழுதப்பட்ட சீட்டுக்கு, அதே மூலப்பொருள் உள்ளதாக இருந்தாலும் வேறொன்றை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கிறது விதி 65இன் 11ஏ உட்பிரிவு. டாக்டர் கம்பெனிப் பெயரை எழுதிவிட்டால் முடிந்தது கதை. “இதே மருந்து இன்னொரு பேர்ல பாதி விலைக்கு இருக்கு” என்று மருந்தாளுநர் சொல்லலாம், எடுத்துக் கொடுக்க முடியாது. சொல்லி என்ன பயன் என்று அவர் சொல்வதையே விட்டுவிடுகிறார். விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 2013 பட்டியல் மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம் வைக்கிறது. விலை குறைந்த மருந்தைப் பேசிக் கொடுத்தால் அவருடைய லாபமும் குறையும். அதே ஆணை, விலைப்பட்டியலைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை கடையில் அதைப் பார்த்திருக்கிறோம்? மாற்றிக் கொடுக்கும் உரிமையைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடச் சொல்லவில்லை. தரம் நிச்சயமில்லாத மருந்துகள் புழங்கும் சந்தையில் அந்தத் தடைக்கு ஒரு நியாயம் உண்டு. வலிப்பு மருந்து போன்றவற்றில் கம்பெனி மாறினாலே கவனம் வேண்டும். ஆனால் சாதாரண ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு, நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, பில்லில் குறித்துவிட்டு மாற்றிக் கொடுக்க வழி வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு தமிழனாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுவோரிடம் ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. மாத்திரை டப்பாவில் ஒருமுறை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். அதே எழுத்துகள் ஸ்பானிஷில் பதினொன்று என்று பொருள்படும். நியூயார்க் மாநிலம் 2012இல் சட்டம் இயற்றி, எட்டோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள மருந்துக் கடைகள் மொழிபெயர்ப்பும் வாய்மொழி உதவியும் இலவசமாகத் தர வேண்டும் என்றது. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ், சீனம், கொரியன், ரஷ்யன், வியட்நாமிய மொழிகளில் உபயோகக் குறிப்புகளை மருந்தியல் வாரியமே மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. ‘காலையில் ஒரு மாத்திரை’ என்பது போன்ற சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். குடியேறி வந்தவர்களுக்கு அவர்கள் செய்வதை, சொந்த மண்ணில் இருக்கும் நமக்கு நம் சட்டம் செய்யவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தால் ஆங்கிலம். பல தாள்களின் தலையிலேயே, பதிவு பெற்ற மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் மட்டும் என்று அச்சிட்டிருக்கும். விழுங்குகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்துகளின் அட்டையில் க்யூஆர் கோடு கட்டாயமானது. போலியைக் கண்டுபிடிக்க அது நல்ல ஏற்பாடு. என் அம்மாவுக்கு அது ஒரு கறுப்புக் கட்டம்.

ஆகவே தமிழில் நோயாளியிடம் வந்து சேர்வது வாய்ச்சொல்லும் காகித உறையில் பேனாக் கிறுக்கலும்தான். அட்டையை நறுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் மறுபாதியில் போய்விடுகின்றன, கிறுக்கல் மட்டும் மிஞ்சுகிறது. அரசு மருத்துவமனை ஜன்னலில் “வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி” என்று சொல்லிக் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அது மோசமான முறை என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன், எழுத்தறியாதவருக்கு நிறம்தான் எழுத்து. ஆனால் அடுத்த மாதம் வேறு கம்பெனியின் சரக்கு வந்து வெள்ளை மஞ்சளாகிவிட்டால் என்ன ஆகும்?

ரகசியத்தைப் பற்றிக் கொஞ்சம். கவுண்டரைச் சுற்றி ஆறு பேர் நிற்கும்போது “இது மனநல மாத்திரைதானே?” என்று உரக்கக் கேட்டால், அடுத்த முறை அந்தப் பெண் அந்தக் கடைக்கு வரமாட்டார். சில சமயம் மருந்தையே விட்டுவிடுவார். எச்.ஐ.வி. சட்டம், 2017 ஒருவரின் நோய்நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. 2018 மார்ச்சில் வந்த அறிவிக்கையோ, காசநோய் மருந்து வாங்குபவரின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மருந்துக் கடைகளையும் கட்டாயப்படுத்துகிறது. தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு. கடமை இரண்டு பக்கமும் இழுக்கும்போது, யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி வேண்டும். நம் டிப்ளமோ படிப்பில் வேதியியலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு மறைப்புத் தட்டி, தள்ளி நிற்கச் சொல்லி ஒரு மஞ்சள் கோடு, இரண்டுமே பெரிய செலவு இல்லை.

இணையத்தில் மருந்து வாங்குவது வந்த பிறகு கவுண்டரே மறைந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. அந்த டிசம்பரில் தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை இணைய விற்பனையை நிறுத்தச் சொன்னார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பிறகு பெருந்தொற்று வந்து, வீட்டு வாசலில் மருந்து என்பது பழக்கமாகிவிட்டது. கடைகளுக்கும் செயலிகளுக்கும் நடந்த இந்தச் சண்டையில் வியாபாரமே முன்னால் நின்றது. பொட்டலத்தைக் கொண்டுவரும் இளைஞர் ஓடிபி கேட்பார். மாத்திரை எப்படிப் போடுவது என்று அவரிடம் கேட்பது நியாயமும் இல்லை. ‘நேரில், முடியாவிட்டால் தொலைபேசியில்’ என்ற 2015 விதி இவர்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். முதல்முறை வாங்கும் மருந்துக்கு, வாங்குபவரின் மொழியில் மருந்தாளுநர் ஒருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று எழுத ஒரு வரி போதும்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குத் தெளிவு இருக்கிறது. பேசும் கடமையை விதி 65க்குள் கொண்டுவந்து கடை உரிமத்தோடு கட்ட வேண்டும், அப்போதுதான் ஆய்வாளர் கேட்பார். எல்லா மருந்துக்கும் பத்துத் தலைப்பிலும் பேசு என்றால் யாராலும் முடியாது, அது மறுபடியும் கையெழுத்துச் சடங்காகவே முடியும். மெத்தோட்ரெக்சேட், இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து, குழந்தைகளுக்கான சொட்டு மருந்து என்று ஆபத்தானவற்றுக்கு ஒரு குறும்பட்டியல் போடலாம். அவற்றுக்கு மட்டும் மருந்தாளுநர் பேசியே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே வேண்டாம். அம்மாவிடம் அவர் கேட்டாரே, எப்படிப் போடுவீர்கள் சொல்லுங்கள் என்று, அந்தத் திருப்பிக் கேட்பது விதியில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு சிறு கட்டணமும் வேண்டும், இல்லாவிட்டால் பேசுகிற கடைக்காரர் பேசாத கடைக்காரரிடம் வியாபாரத்தைத் தோற்பார்.

மத்திய விதி மாறும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுப்பெயர் மருந்துகளை மொத்தமாக வாங்கிக் காட்டிய மாநிலம் இது. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அந்தக் கடைகளில் தரும் காகித உறையில் வேளை, அளவு, கிழமை, சாப்பாட்டுக்கு முன் பின், மருந்தின் பெயர், காலாவதித் தேதி ஆகியவற்றுக்குத் தமிழில் அச்சிட்ட கட்டங்கள் இருக்கட்டும், மருந்தாளுநர் அவற்றை நிரப்பிக் கொடுக்கட்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். உறை எப்படியும் அச்சாகத்தான் போகிறது.

எங்கள் வீட்டில் ‘செவ்வாய் இரவு மட்டும்’ என்ற அந்த உறை கிழிந்த பிறகும் அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. மாதாமாதம் வாங்கிவரும் புது மாத்திரையைப் பழைய உறைக்குள் போட்டு, நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைக்கிறார்.